‘ஏழு தலைமுறைகள்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தம் முன்னோரின் கதை என்று சொல்லி 1976இல் வெளியிட்ட அடிமைக் குடும்ப நாவலைத் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அமெரிக்க அடிமைமுறை வரலாற்றைப் பயின்று வருபவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

ஐயா, குண்டா கிண்டே உண்மையாகவே வாழ்ந்தவரா? (சேலம் வாசகர்)

ஹேலியின் முன்னோராகக் காட்டப்படும் நாவலின் நாயகர் அவர். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியாவின் ஜூஃபூரே கிராமத்தைச் சேர்ந்த அவர், 1767இல் லார்ட் லிகோனியர் என்னும் கப்பலில் அமெரிக்காவின் அன்னபோலிஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டார் என்கிறது நாவல். அக்கப்பல் அவ்வாண்டில் அங்கே வந்தது உண்மை. ஆனால், நாவலில் குண்டாவுக்கு எசமானர்கள் இட்ட பெயரான டோபி என்பதைத் தாங்கிய அடிமை, கப்பல் வருவதற்கு முன்பே வர்ஜீனியாவின் வாலர் குடும்பத்தாரிடம் இருந்ததை மரபுவழி ஆய்வாளர்களான மில்ஸ் தம்பதியர் 1981இல் ஆவணங்களைக் கொண்டு காட்டினர். ஜூஃபூரேயில் ஹேலிக்குக் குலவரலாறு சொன்ன முதியவரின் நம்பகத்தன்மையையும் லண்டன் பத்திரிகையாளர் ஒருவர் 1977இலேயே கேள்விக்குள்ளாக்கினார். ஆகவே இந்நாவலின் வம்சாவளியை வரலாற்றுச் சான்றாக எங்கும் எடுத்துக்காட்டாதீர்கள்.

பொய் என்றால் புலிட்சர் பரிசு எப்படிக் கிடைத்தது? (திருச்சி வாசகர்)

1977இல் கிடைத்தது சிறப்புப் பாராட்டு. வரலாற்று நூலுக்கான பரிசோ புனைகதைக்கான பரிசோ அன்று. மேலும், பொய் என்று நான் சொல்லவில்லை.

அடிமைகளின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைக் கண்டறிவது ஏன் இவ்வளவு கடினம்? (மதுரை ஆசிரியை)

இக்கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கெனத் தனிப்பட்டியல் தயாரித்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவை மட்டும் இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது. 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் பெயரோடு பதிவாயினர். ஹேலியும் வட கரோலினாவின் அலமான்ஸ் மாவட்டத்துக்கான 1870ஆம் ஆண்டுப் பதிவில்தான் தம் கொள்ளுத்தாத்தாவான கொல்லர் டாம் மரேயைக் கண்டார். அதற்கு முந்தைய காலத்தைத் தேட வேண்டுமானால் எசமானரின் உயிலையும், சொத்து மதிப்பீட்டுப் பட்டியலையும், விற்பனைப் பத்திரத்தையும் புரட்ட வேண்டும். மாடுகளுக்கும் கலப்பைகளுக்கும் இடையே மனிதர்களின் பெயர்களும் விலைகளும் எழுதப்பட்டிருக்கும். தாயின் நிலையே பிள்ளைக்கும் என்று வர்ஜீனியா 1662இல் சட்டமியற்றியது; பிற அடிமை மாநிலங்களிலும் அந்நெறியே நிலவியதால், நாவலில் குண்டாவின் மகள் கிஸ்ஸியை வன்கொடுமை செய்த எசமானனுக்குப் பிறந்த ஜார்ஜும் அடிமையாகவே வளர்கிறான். தந்தையின் பெயர் எழுதப்படாமல் போனதற்கும் இதுவே பெரும் காரணம்.

மொரிஷியஸ் சென்ற நம் ஒப்பந்தக் கூலிகளும் இவர்களைப் போன்றவர்கள்தானே? (நாகை வாசகர்)

அவர்களின் துயரம் பெரிது. ஆயினும் சட்டநிலை வேறு. அவர்களுக்கு ஒப்பந்தக் காலம் இருந்தது, பெயரும் பதிவாயிற்று. விரிவான விடையை அத்துறையினரிடம் கேளுங்கள்.

இது உண்மைக் கதையா? (கோவை வாசகர்)

இதே வினா மீண்டும் மீண்டும் வருகிறது. முதற்பதிலைப் படியுங்கள்.

எசமானர்கள் எழுதிய காகிதத்தை நம்பி, அடிமைகளின் வாய்மொழியைத் தள்ளுவது எவ்வகையில் நீதி? (மீண்டும் சேலம் வாசகர்)

உங்கள் சினம் நியாயமானது. ஆயினும் நான் வாய்மொழியைத் தள்ளவில்லை. 1936 முதல் 1938 வரை, அடிமைகளாய் இருந்த முதியோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றின்கீழ் பேட்டி எடுத்தார்கள். அவை இல்லாமல் அடிமைகளின் அன்றாட வாழ்வை எழுதவே இயலாது. அவற்றையும் ஆராய்ந்தே ஏற்கிறோம். ஏனெனில் கேள்வி கேட்டவர்களுள் பலர் வெள்ளையர், நிறவெறி ஆண்ட தென்மாநிலங்களில் அம்முதியோர் அவர்களிடம் அனைத்தையும் துணிந்து சொல்லியிருக்க மாட்டார்கள். எசமானரின் காகிதத்திலும் அவருடைய நலம் ஒளிந்திருக்கும். ஆனால் டோபி என்ற அடிமை 1767க்கு முன்பே வர்ஜீனியாவில் இருந்தார் என்று எழுதி வைப்பதில் எசமானருக்கு என்ன ஆதாயம்? தவறான ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு வாதிட்டால், அடிமைமுறையை மறைக்க விரும்புவோர் அக்கண்ணியைக் காட்டியே முழுக் கொடுமையையும் மறுப்பார்கள். கப்பல்களில் ஏற்றப்பட்ட ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கரின் வரலாறு குண்டா கிண்டே ஒருவரை நம்பி நிற்கவில்லை.

வேறொருவர் நூலிலிருந்து எடுத்ததாக வழக்கு வந்ததாமே? (ஈரோடு வாசகர்)

ஆம். எழுத்தாளர் ஹெரால்டு கோர்லாண்டர் தொடுத்த வழக்கு 1978இல் 6,50,000 டாலருக்குச் சமரசமாயிற்று.

பள்ளி மாணவர்க்கு இந்நூலைக் கொடுக்கலாமா? (மதுரை ஆசிரியை)

வன்கொடுமைக் காட்சிகள் உள்ளமையால் மேல்வகுப்பினர்க்குக் கொடுங்கள். நாவல் என்று சொல்லியே கொடுங்கள்.