படிவுப் படுகைக்கு அடியில்: புவி இயற்பியல் கேள்வி பதில்

படிவுப் படுகைகளில், அதாவது மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காய்ப் படிந்த பள்ளங்களில், நெடுங்காலம் ஈர்ப்பு அளவாய்வு (இடத்துக்கிடம் ஈர்ப்பு மாறுவதை அளப்பது) செய்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை பதில் தருகிறேன்.

கேள்வி: புதிய படுகையில் எந்த முறையில் தொடங்குவது?

ஈர்ப்பிலும் காந்தத்திலும் தொடங்குங்கள். படிவுகளின் அடர்த்தி பெரும்பாலும் கன சென்டிமீட்டருக்கு 2.2 முதல் 2.5 கிராம், படிவுகளுக்கு அடியிலுள்ள கெட்டியான அடித்தளப் பாறை ஏறக்குறைய 2.7. வேறுபாடு 0.3 என்றால், ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள அகன்ற படிவு ஈர்ப்பைச் சுமார் 12.5 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) குறைக்கும். பூமியின் மொத்த ஈர்ப்போ ஏறத்தாழ 9,80,000 மில்லிகால். அதில் இந்தச் சிறு குறைவைப் பிரித்தெடுப்பதே எங்கள் தொழில். படிவுகளில் காந்தத்தன்மை மிகக் குறைவு என்பதால் காந்த முரண் (சுற்றுப்புறத்திலிருந்து மாறுபடும் அளவு) பெரும்பாலும் அடித்தளத்திலிருந்தே வருகிறது; ஆழம் கூடக் கூட அது அகன்று மழுங்கும்.

ஆனால் ஒன்று: ஆழ்துளைக் கிணற்றோடு பொருத்திப் பார்க்காத ஆழத்தை வரைபடத்தில் எழுதாதீர்கள்.

கேள்வி: என் நிலத்தில் எங்கே தோண்டினால் தண்ணீர் கிடைக்கும்?

நிலத்தடி நீருக்கு மின்தடை அளவாய்வு செய்பவரை அணுகுங்கள்.

கேள்வி: களத்தில் அதிகம் பிழை நேர்வது எதில்?

உயரத்தில். ஒரு மீட்டர் உயரப் பிழை சுமார் 0.2 மில்லிகால் பிழையாகிவிடும். எங்கள் வரைபடம் ஒன்றில் ஒரு மில்லிகால் அளவுக்கு நேர்கோட்டில் படி ஒன்று தெரிந்தது. பாறை பிளந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சி என்றே நம்பினோம். பிறகு பார்த்தால், அந்தக் கோட்டின் இரு பக்கமும் வேலை செய்த இரண்டு குழுக்களின் உயர ஆதாரப் புள்ளிகளுக்கிடையே 5 மீட்டர் வேறுபாடு! இரண்டு மணிக்கொரு முறை அடிப்படை நிலையத்துக்குத் திரும்பி அளவெடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். கருவி காட்டும் அளவு தானாகவே மெல்ல நகரும், நிலா, சூரியனின் இழுப்பும் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: நான் அனுப்பிய ஈர்ப்புத் தரவுக்கு நேர்மாறு கணிப்பு மென்பொருள் (அளவீட்டிலிருந்து ஆழத்தைக் கணிப்பது) 1.99 கிலோமீட்டர் என்று துல்லியமாகச் சொல்லும்போது கிணறு எதற்கு?

உங்கள் தரவில் 25 மில்லிகால் குறைவு. அடர்த்தி வேறுபாடு 0.3 என்று வைத்தீர்கள், 2 கிலோமீட்டர் வந்தது. 0.5 என்று வைத்துப் பாருங்கள், 1.2 கிலோமீட்டர் வரும். இரண்டும் அளவீட்டோடு பொருந்தும். தசமத்துக்குப் பின் வரும் இலக்கங்கள் நிலத்திலிருந்து வந்தவை அல்ல.

அவரே மீண்டும்: அளவுப் புள்ளிகளை நெருக்கினால் தீராதா?

தீராது. ஆழத்தில் குவிந்து கிடக்கும் பொருளும், அதற்கு மேலே பரந்து கிடக்கும் வேறொரு பொருளும் தரையில் ஒரே ஈர்ப்பைத் தரலாம். குறையே இல்லாத தரவு கிடைத்தாலும் இந்த நிலை மாறாது.

அவரே: அப்படியானால் ஈர்ப்பு முறையே வீண் அல்லவா?

வீண் அல்ல! மெக்சிகோவின் யுகடான் கரையோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேடி 1978இல் வானிலிருந்து எடுத்த காந்த அளவாய்வில் வட்ட வடிவ முரண் தெரிந்தது. ஈர்ப்புத் தரவிலும் அதே வட்டம். அங்கே முன்பே தோண்டிய கிணறுகளில் கிடைத்த பாறையை எரிமலைப் பாறை என்று எண்ணியிருந்தார்கள். அதே கிணறுகளின் மாதிரியில் அதிர்ச்சிக்குள்ளான குவார்ட்ஸ் (பெரும் மோதலின் தடம் பதிந்த கனிமம்) கிடைத்த பிறகே, அது விண்கல் மோதிய சிக்சுலுப் பள்ளம் என்பது 1991இல் நிலைபெற்றது. வட்டத்தை அளவாய்வு காட்டியது. அது என்ன என்பதைக் கிணற்றுப் பாறை சொன்னது. நீங்கள் கிணற்றைத் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு வாதம்.

கேள்வி: நில அதிர்வு எதிரொலிப்பு ஆய்வு மட்டும் போதாதா?

தரையில் எழுப்பிய அதிர்வலை அடுக்குகளில் பட்டு எதிரொலிப்பதை அளக்கும் முறை அது. அது தருவது நேரம், ஆழம் அல்ல. எதிரொலி சென்று திரும்ப 2 வினாடி என்றால், திசைவேகம் வினாடிக்கு 2.5 கிலோமீட்டராக இருந்தால் ஆழம் 2.5, மூன்றாக இருந்தால் 3. உப்பில் அலை வினாடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால், உப்புக்கு அடியில் தட்டையாக இருக்கும் அடுக்கும் நேரப் படத்தில் மேடாகத் தெரியும். மீண்டும் சொல்கிறேன்: கிணற்றில் திசைவேகத்தை அளந்து பொருத்துங்கள்.

கேள்வி: கிணறு தோண்டத் தண்ணீர் உள்ள இடம்…

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஈர்ப்பு அளவாய்வு எண்ணெயைக் காட்டுமா?

காட்டாது. எண்ணெய் தேங்கக்கூடிய கட்டமைப்பைக் காட்டும். 1924இல் டெக்சாஸின் நாஷ் உப்புக் குவிமாடத்தை (அடியிலிருந்து மேலெழும்பிய உப்புத் திரள்) முறுக்குத் தராசு என்ற ஈர்ப்புக் கருவியால் கண்டதும் அப்படித்தான்.

கேள்வி: தடித்த பசால்ட் மூடிய படிவை எப்படிக் காண்பது?

அருமையான கேள்வி. எரிமலைக் குழம்பு இறுகிய பாறையான பசால்ட் நில அதிர்வு அலையைச் சிதறடிக்கும். அதற்கு அடியில் திசைவேகம் குறைவதால் விலகல் முறையிலும் (வேகமான அடுக்கில் வளைந்து சென்று திரும்பும் அலையை அளப்பது) அந்தப் படிவு மறைந்துவிடும். இயற்கை மின்காந்த அலையைக் கொண்டு நிலத்தடியின் மின்தடையை அறியும் மேக்னட்டோடெல்லூரிக் முறைக்கு இதே இடம் சாதகம்: மின்தடை மிகுந்த பசால்ட்டை இயற்கை மின்காந்த அலை எளிதில் கடக்கும், உவர்நீர் ஊறிய படிவு மின்சாரத்தை நன்கு கடத்துவதால் தெளிவாகத் தெரியும். களத்தில் காந்த உணரிகளை மண்ணில் புதைக்கும்போது மரங்களை விட்டு விலகிப் போங்கள். காற்றில் மரம் ஆட, வேர் அசைய, அந்த அசைவும் தரவில் பதிந்துவிடும்.