மறுபடி குடித்துவிட்ட நண்பரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் என்னோடு பாடும் நண்பர், மூன்று வருடமாகக் குடியை விட்டிருந்தார். போன மாதம் புதுச்சேரி எல்லையில் ஒரு மதுக்கடை வாசலில் அவரைப் பார்த்த யாரோ, போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அவர் ஆராதனைக்கு வருவதில்லை, போனையும் எடுப்பதில்லை. 'எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்கட்டும்' என்கிறார்கள் சிலர். நான் போய்ப் பேசலாமா?

பதில்: போங்கள். இந்த வாரமே, தனியாகப் போங்கள்.

அதற்கு முன்னால் அந்தப் போட்டோவை நீக்கச் சொல்லுங்கள். மத்தேயு 18-ல் இயேசு சொன்ன வரிசையில் முதலில் வருவது 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' பேசுவது. அடுத்து ஓரிருவரோடு போவது. சபைக்குச் சொல்வது அதற்கும் அப்புறம்தான். உங்கள் நண்பரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே அவரைச் சபை நடுவில் நிறுத்திவிட்டார்கள். அது அவர் குடித்ததற்குச் சற்றும் குறையாத தவறு என்பேன்.

'சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்று கலாத்தியர் 6:1-ல் பவுல் எழுதுகிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல்தான், மாற்கு 1:19-ல் யாக்கோபும் யோவானும் படவில் வலையைப் பழுதுபார்த்தார்கள் என்னும் இடத்திலும் வருகிறது. உங்களுக்குத் தேவனாம்பட்டினம் பக்கம்தானே, ஒரு நாள் வலை பின்னுகிறவர் அருகில் உட்கார்ந்து பாருங்கள். கிழிசலைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, முதலில் பிய்ந்து தொங்கும் நூலை நறுக்குவார். அப்புறம் கிழியாத ஒரு கண்ணியைத் தேடிப் பிடித்து, முதல் முடிச்சை அங்கே போடுவார். ஓட்டைக்கு நடுவில் ஊசியைக் குத்தினால் நூல் நிற்காது.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். 'ஏன் குடித்தாய்?' என்பது ஓட்டையின் நடு. அந்தக் கேள்வியை அவரே தினம் நூறு தடவை கேட்டிருப்பார். மூன்று வருடம் குடிக்காமல் இருந்தாரே, அது கிழியாத கண்ணி. 'உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். நீ இல்லாமல் பாட்டு நிறையவில்லை' என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். முதல் நாள் அவர் வாய் திறக்காவிட்டால் பரவாயில்லை, மறுபடி போங்கள். மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கு உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பில் மீன் சுட்டு, முதலில் சாப்பிடக் கொடுத்தார். கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் 'என்னை நேசிக்கிறாயா?' என்ற கேள்வி.

அவர் பேசத் தொடங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 'ஜெபம் பண்ணி இன்றைக்கே விட்டுவிடு' என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் மனைவியையோ பிள்ளைகளையோ அடிப்பதாகத் தெரிந்தால் கதை வேறு. அதை மூடி மறைப்பது சாந்தம் ஆகாது. அப்போது முதலில் அவர்களுடைய பாதுகாப்பைப் பாருங்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

சபை முன்னால் மன்னிப்புக் கேட்பது பற்றி: அவராகவே விரும்பினால் ஆயரிடம் பேசிவிட்டுச் செய்யட்டும், நிர்ப்பந்தம் வேண்டாம். கொரிந்துவில் கண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி, 'அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு' அவனை மன்னித்து ஆறுதல் செய்யச் சொன்னவரும் இதே பவுல்தான். பாடகர் குழுவிலிருந்து சில வாரம் விலகியிருக்கட்டும் என்று ஆயர் நினைத்தால், திரும்பி வரும் தேதியையும் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். தேதி சொல்லாத ஓய்வு அவருக்கு வெளியேற்றமாகவே படும்.

முன்பு சொன்ன கலாத்தியர் 6:1-ன் கடைசியில் 'உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு' என்று இருக்கிறது. நீங்களும் ஒரு காலத்தில் குடித்தவர் என்றால், அவரைத் தேடி அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். வீட்டிலேயே பாருங்கள்.

அவர் திரும்பி வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அந்த நிமிடம்தான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும். அவர் வீட்டுக்கே போய் உங்கள் வண்டியில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு நீங்களும் பாடகர் வரிசைக்குப் போகாமல், பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.