பாடசாலைப் பாதுகாப்பு ஆய்வுகள்: கேள்வி பதில்

ஆசிரியை, ஹட்டன்: "பாடசாலையில் வன்முறை உண்டா?" என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் "இல்லை" என்றே எழுதியுள்ளனர். இதை நம்பலாமா?

பதில்: முதலில் கேள்வியைத் திருத்துங்கள். தலையில் குட்டுவதையும் காதைத் திருகுவதையும் பிள்ளைகள் வன்முறையாகக் கருதுவதில்லை. அவற்றை வளர்ப்பு முறை என்றே எண்ணுகிறார்கள். ஆகவே செயலையும் காலத்தையும் குறிப்பிட்டு, "கடந்த 30 நாட்களில் உங்களை யாராவது அடித்தார்களா, தள்ளினார்களா, பட்டப்பெயர் சொல்லி அவமானப்படுத்தினார்களா?" எனக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் சுகாதார ஆய்வு 2016இல் இலங்கையில் 13 முதல் 17 வயதினரிடையே நடந்தபோதும், மாணவர்கள் பெயர் எழுதாமல் தாமே விடையளித்தனர். அடித்தவர் ஆசிரியராகவும் இருக்கலாம் என்பதற்கு விடைகளில் இடம் வையுங்கள். அதை விட்டுவிட்டு நடத்தும் ஆய்வு கண்துடைப்பே. மலசலகூடம், பஸ் தரிப்பிடம், தேயிலை மலைக் குறுக்குப் பாதை என இடங்களையும் தனித்தனியே கேட்டால்தான் எங்கே ஆள் நிற்க வேண்டும் என்பது தெரியவரும்.

அதிபர், மஸ்கெலியா: எமது பாடசாலை சிறியது. பெயர் எழுதாதிருந்தால் போதுமா?

பதில்: போதாது. பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்பில் வயது, பால், தேயிலைத் தோட்டப் பிரிவு (டிவிஷன்) ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டால், மேல் டிவிஷனிலிருந்து வரும் ஒரே பெண் பிள்ளை யார் என்பது பாடசாலைக் காவலாளிக்கும் தெரிந்துவிடும். பிரிவைக் கேட்காதீர்கள், வகுப்புகளைச் சேர்த்தே முடிவுகளை வெளியிடுங்கள். வினாக்கொத்தை வகுப்பாசிரியர் சேகரிக்காமல், பிள்ளைகளே பூட்டிய பெட்டியில் இடட்டும். அன்று வராத பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம், பயத்தினால் வராதவர்களும் அவர்களிடையே இருக்கலாம்.

பெற்றோர், பண்டாரவளை: அடுத்த ஆண்டு ஆய்வில், அடி வாங்கியதாகச் சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினால் பாடசாலைக்குக் கெட்ட பெயர் வராதா?

பதில்: வரலாம். ஆனால், சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வளரும்போதும் எண்ணிக்கை கூடும். ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆசிரிய ஆலோசகர், நுவரெலியா: பாரதூரமான ஒன்றை ஒரு பிள்ளை எழுதியிருந்தால்?

பதில்: பெயரில்லாத தாளிலிருந்து எழுதியவரைத் தேடிப்பிடிக்க முயலக்கூடாது, கையெழுத்தை ஒப்பிடுவது வாக்கை மீறுவதாகும். உதவி வேண்டுவோர் விரும்பினால் தனியாக நிரப்பும் ஒரு துண்டையும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும் எல்லோருக்கும் கொடுங்கள். அத்துண்டைப் பெறுபவர் யார், அன்றைய தினமே யாருக்கு அறிவிப்பார் என்பவை தீர்மானிக்கப்படும் வரை வினாக்கொத்தை அச்சிட வேண்டாம்.