மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது? மலைக்கடைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சீசன் நெருங்கினால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எல்லோருக்கும் வாடிக்கையாளர் மெயில் பட்டியல் ஞாபகம் வந்துவிடும். மெயில் சர்வர்தான் என் பிழைப்பு. அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கோத்தகிரி, தேயிலைத்தூள் கடை: அண்ணா, கடை டொமைனில் இருந்து அனுப்புற ஆஃபர் மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகுது. மெயில் சர்வீஸ்காரர் "எங்க பக்கம் எல்லாம் பாஸ்"ங்கறார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கேன்.

அவர் பொய் சொல்லவில்லை. ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டி ஷோ ஒரிஜினல் எடுத்திருக்கிறீர்கள், நல்லது. அதில் மூன்று சோதனைகள்: எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா) பாஸ், டிகிம் (மெயிலில் போட்ட டிஜிட்டல் கையெழுத்து சரியா) பாஸ், அதற்குக் கீழே டிமார்க் ஃபெயில். டிகிம் பாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டொமைன் பெயரைப் பாருங்கள். உங்கள் கடை பெயர் இல்லை, சர்வீஸ்காரர் பெயர்.

எஸ்பிஎஃப் பார்ப்பது, மெயில் திரும்பினால் எங்கே போக வேண்டும் என்ற முகவரியை. அது வாங்குபவர் கண்ணில் படாது. அதுவும் சர்வீஸ்காரருடையதுதான். டிமார்க் கேட்பது ஒன்றே ஒன்று: பாஸான இந்த இரண்டில் ஒன்றாவது, அனுப்புநர் என்று வெளியே தெரியும் டொமைனோடு ஒத்துப்போகிறதா? இங்கே இரண்டுமே ஒத்துப்போகவில்லை. சர்வீஸின் செட்டிங்ஸில் டொமைன் சரிபார்ப்பு என்று ஒரு பக்கம் இருக்கும். அது தரும் ரெக்கார்டுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைனின் விவரங்கள் இருக்கும் பதிவேட்டில், போடுங்கள். அப்புறம் கையெழுத்து உங்கள் பெயரில் விழும்.

ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து விதி. யாஹூவும் அப்போதே இதைக் கேட்க ஆரம்பித்தது. அவுட்லுக், ஹாட்மெயில் பக்கம் 2025 மே முதல்.

கொடைக்கானல், காட்டேஜ்: சார், நாங்க அறுநூறு எழுநூறுதான் அனுப்புவோம். 5,000 விதி எங்களுக்கு இல்லையே?

இல்லைதான். ஆனால் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்று எல்லோருக்கும் கட்டாயம். இரண்டையும் போட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலை. 2024 மே முதல் கொடைக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் இருக்கிறது. அதை நினைவுபடுத்தி நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமில் கிடந்தால், செக்போஸ்ட்டில் நின்றபடி விருந்தாளி உங்களுக்குத்தான் போன் போடுவார். இன்னொன்று: சப்டொமைன் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு பெயர் சேர்த்த கிளை) கணக்கும் 5,000-இல் சேரும். ஒருமுறை தாண்டிவிட்டால், பிறகு குறைத்தாலும் கூகுள் உங்களை மொத்தமாக அனுப்புபவராகவே வைத்திருக்கும்.

ஊட்டி, சாக்லேட் கடை: கூகுளுக்கு ஒரு எஸ்பிஎஃப், ஆஃபர் மெயிலுக்கு ஒரு எஸ்பிஎஃப் போட்டிருக்கேன். சரிதானே?

தப்பு. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் சேருங்கள். அந்த வரி கிளப்பும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது.

குன்னூர், தைலக் கடை: அன்சப்ஸ்கிரைப் பட்டனை அடியில சின்ன எழுத்துல வெச்சா போதாதா? பளிச்சுனு வெச்சா எல்லாரும் ஓடிருவாங்க.

ஓடட்டும். பட்டன் கிடைக்காதவர் என்ன செய்வார்? ஸ்பேம் என்று அழுத்துவார். அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால்தான் நிம்மதி. இன்பாக்ஸில் விழும் ஆயிரத்துக்கு மூன்று பேர் அழுத்தினாலே கதை முடிந்தது. மொத்தமாக அனுப்பும் விளம்பர மெயிலுக்கு ஒரே தட்டில் விலகும் வசதி ஹெடரிலேயே (மெயிலோடு போகும், கண்ணில் படாத தலைப்பகுதி) இருக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும்.

குன்னூர், தைலக் கடை: மூணு பேர் கோபத்துக்கு நான் ஏன் முன்னூறு பேரை இழக்கணும்?

கொடைக்கானல், காட்டேஜ்: குறுக்கே வர்றேன். ஒருதடவை தைலம் வாங்கின கடை வாராவாரம் மெயில் போட்டுச்சு. நிறுத்த வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கல. ஸ்பேம்ல தள்ளிட்டேன்.

குன்னூர், தைலக் கடை: அது என் கடை இல்லீங்க!

யார் கடையோ இருக்கட்டும். தைலக்காரரே, அந்த முன்னூறு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். இப்போது அவர்களால், வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உங்கள் மெயில் சேராமல் போகிறது.

கோத்தகிரி, தேயிலைத்தூள் கடை: அப்போ பில் மெயிலிலும் அந்தப் பட்டன் வைக்கணுமா அண்ணா?

தேவையில்லை. பில், முன்பதிவு உறுதி இதற்கெல்லாம் அந்த விதி கிடையாது. ஆனால் பில்லுக்குக் கீழே ஆஃபரை ஒட்டாதீர்கள்.

ஊட்டி, டிராவல்ஸ்: இருபதாயிரம் மெயில் ஐடி விலைக்குத் தர்றாங்க. வாங்கலாமா?

கூடாது.

கூடலூர், மிளகு வியாபாரம்: ஜிமெயில் முகவரியை அனுப்புநரா வெச்சு சர்வீஸ் வழியா அனுப்பலாமா?

கூடாது. ஜிமெயில் டொமைன் கூகுளுடையது, அதன் பெயரில் உங்கள் சர்வீஸ் கையெழுத்துப் போட முடியாது. சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள்.

பழனி மலை அடிவாரம், பூண்டு மொத்த வியாபாரம்: எங்ககிட்ட மூணு எஸ்பிஎஃப் இருக்கு...

சாக்லேட் கடைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஒன்று. ஒன்றே ஒன்று.

குன்னூர், ஹோம்ஸ்டே: டிமார்க்கை நேரா ரிஜெக்ட்ல வெச்சுடலாமா? யூடியூப்ல அப்படித்தான் சொல்றாங்க. வாட்ஸ்அப் ஆஃபருக்கும் இது பொருந்துமா?

வாட்ஸ்அப் என் துறை இல்லை. டிமார்க்கை முதலில் நன் (ஃபெயிலானாலும் எதுவும் செய்யாதே) என்று வையுங்கள், விதிக்கு அதுவே போதும். அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். சில வாரம் அதைப் பார்த்தால், உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியும். பில் போடும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் எல்லாம் அதில் தலைகாட்டும். எல்லாம் பாஸானதும் குவாரண்டைன் (ஃபெயிலானதை ஸ்பேமில் போடு), அப்புறம் ரிஜெக்ட் (வாங்கவே வாங்காதே). நேராக ரிஜெக்ட் வைத்தால் உங்கள் ரசீதையே நீங்கள் தடுத்துக்கொள்வீர்கள்.