மூங்கிலில் உள்ள அசுவினி எந்த இனம் என்பதை எவ்வாறு அறிவது?

அசுவினி என்பது ஊசி போன்ற வாயுறுப்பால் செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறிய, மென்மையான உடல் கொண்ட பூச்சி. பெண் அசுவினி ஆணின் துணையின்றியே தன்னை ஒத்த குட்டிகளை ஈனுவதால் ஒரு கூட்டம் பெரும்பாலும் ஒரே மரபினதாக இருக்கும். ஆயினும் வயதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அதன் நிறம் மாறக்கூடும். எனவே, மந்தையில் கலந்த ஆட்டை மேய்ப்பவர் நிறத்தை நம்பாமல் காதிலிட்ட அடையாளத்தால் அறிவதைப் போல, நாமும் உடற்குறிகளையே முதலில் நோக்க வேண்டும்.

நல்ல உருப்பெருக்கியால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சள் வயிற்றின் மேற்புறத்தில் கரும்புள்ளிகள் இணை இணையாக இருந்தால் அது டாக்கேகாலிஸ் அருண்டினேரியே (Takecallis arundinariae). புள்ளியின்றி வால்நுனி மட்டும் கறுத்திருந்தால் டாக்கேகாலிஸ் அருண்டிகோலன்ஸ். இரண்டும் இல்லாமல், விரியாத இளந்தளிரில் மொய்த்திருந்தால் பெரும்பாலும் டாக்கேகாலிஸ் தைவானஸ். தண்டிலும் குருத்திலும் வெண்மெழுகுப் பூச்சுடன் அடர்ந்திருப்பது சூடோரெக்மா பாம்பூசிகோலாவாக இருக்கலாம். அதன் கூட்டத்தில், தலையில் கூர்ங்கொம்புகளும் பருத்த முன்கால்களும் கொண்ட காவற்குட்டிகள் இருப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. நெருங்கிய இனங்களை உறுதிசெய்ய நுண்ணோக்கி தேவை.

இலைகளில் படியும் கரும்படலத்தைப் பலர் அசுவினியின் ஓர் இனம் என்று கருதுகின்றனர். அது அசுவினி வெளியேற்றும் இனிப்புத் திரவத்தின் மீது வளரும் பூஞ்சையே.