டாசிட்டஸை எவ்வளவு நம்பலாம்? கேள்வி பதில்

கேள்வி: சார், ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் வரலாறு எழுதியே பிழைத்தவரா?

பதில்: இல்லை, அவர் அரசியல்வாதி. கி.பி. 56-ஐ ஒட்டிப் பிறந்தவர். ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் உறுப்பினர், பேர்பெற்ற பேச்சாளர். 97-இல் கான்சல் என்ற உயர் பதவி, பிற்பாடு ஆசியா மாகாண ஆளுநர்.

கேள்வி: அப்படியானால் நாற்பது வயதுக்கு மேல் ஏன் எழுத ஆரம்பித்தார்?

பதில்: பேரரசர் டொமிஷியன் 81 முதல் 96 வரை ஆண்டார். தனக்குப் பிடிக்காதவர்களைப் புகழ்ந்து எழுதியவர்களைக் கொன்று, நூல்களையும் எரித்தார். அவர் செத்த பிறகே டாசிட்டஸ் வாய் திறந்தார். 98-இல் எழுதிய முதல் நூல், பிரிட்டனை ஆண்ட தன் மாமனார் அக்ரிகோலாவின் வாழ்க்கை. அதில், டொமிஷியன் கொன்ற செனட்டர் ஹெல்விடியஸைச் சிறைக்கு இழுத்துப் போனது நம் கைகள்தான் என்கிறார். டொமிஷியன் காலத்தில் டாசிட்டஸும் பதவியில் இருந்தார். பழியிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளவில்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்த வரியால்தான்.

கேள்வி: ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்ததாக எழுதியவர் இவர்தானே?

பதில்: இல்லை தம்பி. பிடில் அப்போது கிடையாது. 64-இல் தீ பிடித்தபோது நீரோ அன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தார், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார் என்கிறார் டாசிட்டஸ். டிராய் நகர அழிவைப் பாடினார் என்பதை வதந்தி என்றுதான் பதிவு செய்கிறார். நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழி போட்டுக் கொன்றதையும் அங்கேயே சொல்கிறார்.

கேள்வி: கோபமோ சார்போ இல்லாமல் எழுதுவதாகச் சொல்கிறாரே, நம்பலாமா?

பதில்: இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பிரபுக்களைச் செனட்டில் சேர்க்கச் சொல்லி 48-இல் பேரரசர் கிளாடியஸ் பேசினார். அந்தப் பேச்சைப் பொறித்த வெண்கலப் பலகை 1528-இல் பிரான்சின் லியோன் நகரில் கிடைத்தது. கிளாடியஸ் எங்கெங்கோ சுற்றிப் பேசுகிறார். டாசிட்டஸ் அதைச் சுருக்கி, வரிசை மாற்றி, தன் நடையில் தருகிறார். வாதத்தின் சாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் என்ன நடந்தது என்பதற்கு அவரை நம்பலாம். ஏன் செய்தார்கள் என்று சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். பேரரசர் டைபீரியஸ் விஷயத்தில் பாருங்கள்: ஒரு செயலுக்கு இரண்டு காரணம் சொல்லி, மோசமானதைக் கடைசியில் வைப்பார். படிப்பவர் மனதில் அதுதான் தங்கும்.

கேள்வி: நூல்கள் முழுதாகக் கிடைக்கின்றனவா?

பதில்: இல்லை. பேரரசர்களின் வரலாற்றைச் சொல்லும் 'அன்னல்ஸ்' நூலின் முதல் ஆறு பகுதிகளுக்கு ஒரே ஒரு பழைய கையெழுத்துப் பிரதிதான் ஆதாரம். அதிலும் ஐந்தாம் பகுதி பெரும்பாலும் இல்லை. ஏழு முதல் பத்து வரை தொலைந்துவிட்டதால் பேரரசர் காலிகுலாவின் ஆட்சி பற்றிய பகுதி முழுவதும் போய்விட்டது. புதிதாகப் படிப்பவர்கள் 'அக்ரிகோலா'வில் தொடங்குங்கள், சின்ன நூல்தான்.