நிர்ப்பந்த ராஜினாமா: மேல்முறையீட்டுக்குக் காத்திருந்தால் வழக்கே போய்விடும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் 19 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். வயது 57, மாதச் சம்பளம் 3,400 வெள்ளி (ரிங்கிட்). ஸ்டோரில் உர மூட்டைகள் குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று புதிய மானேஜர் பழி சுமத்தினார். மார்ச் 4ஆம் தேதி மாலை என்னை ஆபீசுக்கு அழைத்து, ராஜினாமா எழுதாவிட்டால் போலீசில் புகார் செய்வதாக மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. மறுநாளே ஒரு மாதச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டார்கள். தலைமையகத்திற்கு மூன்று மேல்முறையீட்டுக் கடிதங்கள் அனுப்பியுள்ளேன். மூன்று மாதச் சம்பளத்தை நல்லெண்ணத் தொகையாகத் தருவதாகவும், ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வருமாறும் இப்போது அழைக்கிறார்கள். எனக்கு 1 லட்சத்து 46 ஆயிரம் வெள்ளி வரை கிடைக்கும் என்கிறார் நண்பர். வழக்குப் போடலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மானேஜரின் சாதிப் பேச்சு, உங்கள் இடத்திற்கு வந்த அவருடைய உறவினர், லயத்து மக்கள் முன்னால் சாவியைத் திருப்பி வாங்கிய அவமானம் ஆகியவை உங்களைக் காயப்படுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழிலியல் நீதிமன்றத்தில் அவற்றுக்கு இடமில்லை. விசாரணை நடக்கவில்லை என்ற குறைகூட நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கனமானதன்று. உள்விசாரணை நடத்தாத குறையை நீதிமன்ற விசாரணையிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 1995இலேயே கூறிவிட்டது. உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: மார்ச் 4ஆம் தேதி நடந்தது ராஜினாமாவா, வேலை நீக்கமா?

மிரட்டி வாங்கிய ராஜினாமா சட்டத்தின் பார்வையில் வேலை நீக்கமே. ஆனால் நிறுவனம் "அவராகவே விலகினார்" என்று சொல்லும்போது, நீக்கம் நடந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. அதை நிரூபித்த பிறகுதான், நீக்கியதற்கு நியாயமான காரணம் உண்டா என்று நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்டவை இரண்டே செய்திகள். ராஜினாமாக் கடிதம் வழுவில்லாத ஆங்கிலத்தில் தட்டச்சாகியிருக்கிறது. நீங்களோ 19 ஆண்டுகளாக ஆபீஸ் கடிதங்களை மலாய் மொழியில் எழுதியவர். இரண்டாவது, அந்த ஒரு மாதச் சம்பளம். தானாக விலகுபவர் முன்னறிவிப்புத் தராவிட்டால் அவர்தான் நிறுவனத்திற்குப் பணம் கட்ட வேண்டும். இங்கே நிறுவனம் உங்களுக்குக் கட்டியிருக்கிறது. ஏன் கட்டியது என்ற கேள்விக்கு அவர்களால் எளிதில் பதில் சொல்ல முடியாது. அந்த வங்கிக் கணக்கு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் என்னிடம் வருபவர்களில் பலரைக் கவிழ்த்த விஷயத்திற்கு வருகிறேன். தலைமையகத்திற்கு எழுதிய மூன்று கடிதங்களாலும் ஒரு நாள்கூட நிற்காத கெடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மனு தொழில் உறவு இலாகாவில் பதிவாக வேண்டும். ஒரு மாதக் கெடு இருந்த காலத்திலேயே, 1981ஆம் ஆண்டின் ஃபூங் கியோங் ரப்பர் வழக்கில், இந்தக் கெடுவை மீற முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. தலைமையகம் பரிசீலிக்கிறது, சங்கச் செயலாளர் பேசிப் பார்க்கிறேன் என்றார், உடல்நிலை சரியில்லை என்ற எந்த விளக்கமும் எடுபடாது. மேல்முறையீட்டை நன்றாகப் பரிசீலிப்பதாக இனிமையாக எழுதி, கெடு முடிந்த மறுவாரம் நிராகரிக்கும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்கு மே 3இல் முடிகிறது. மே 1 தொழிலாளர் தின விடுமுறை என்பதையும் நினைவில் வைத்து, இந்த வாரமே ஈப்போவிலுள்ள இலாகா அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் மீண்டும் வேலையில் அமர்த்தக் கோர வேண்டும். "வேலை வேண்டாம், பணம் போதும்" என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பிரிவு தருவது வேலையைத் திரும்பக் கேட்கும் உரிமை, இழப்பீடு அதிலிருந்து பிறப்பது.

அந்த மனு பதிவாகும் வரை தலைமையகத்தின் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன என்ற வாசகம் அதில் நிச்சயம் இருக்கும். அதன்பின் என்னாலும் பெரிதாக எதுவும் செய்ய இயலாது.

இருந்தும், நீங்கள் சமரசத்திற்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. நண்பர் சொன்ன தொகை, வேலை இழந்த காலத்துக்கான 24 மாத நிலுவைச் சம்பளத்தையும் ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் 19 மாத இழப்பீட்டையும் கூட்டிய கணக்கு. 24 மாதம் என்பது உச்ச வரம்பு, எல்லாருக்கும் கிடைப்பதன்று. இடையில் வேறு வேலையில் சம்பாதித்தால் அதற்காகக் குறைப்பார்கள். மூட்டைக் கணக்கில் உங்கள் கவனக்குறைவு தெரிந்தால் இன்னும் குறைப்பார்கள். அந்த மாலை ஆபீசில் இருந்த ஸ்டோர்கீப்பரும் டிரைவரும் சாட்சி சொல்வார்கள் என்று நம்புகிறீர்கள். இருவரும் இன்னும் அந்தத் தோட்டத்து வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களை நம்பி வழக்கை நடத்த நான் முன்வரமாட்டேன்.

மனு பதிவானதும் இலாகா சமரசக் கூட்டத்திற்கு அழைக்கும். அங்கே வழக்கறிஞர் வர முடியாது. நீங்களோ சங்க அதிகாரியோ பேசலாம். 2021 முதல், சமரசம் தோற்றால் அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் வழக்கு நேராக நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதால், நிறுவனங்களும் இந்தக் கூட்டத்தை அலட்சியம் செய்வதில்லை. மூன்று மாதச் சம்பளம் போதாது. பதினான்கு மாதத்தில் தொடங்குங்கள். பத்து மாதம் தந்தால், குவார்ட்டர்ஸில் இன்னும் ஆறு மாதம் தங்க எழுத்துபூர்வ அனுமதியும் சேவைச் சான்றிதழும் பெற்றுக்கொண்டு முடித்துவிடுங்கள். போலீஸ் புகார் செய்யமாட்டோம் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லாதீர்கள்; பின்னாளில் அது உங்கள் குற்ற ஒப்புதலாகவே படிக்கப்படும். தொகை உங்கள் கணக்கில் ஏறிய பிறகே மனுவை மீட்டுக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.